இரட்டைப்பிள்ளைக்காரியின் கை

சமயநல்லூரில் ஒருவருக்குக் கால் பிசகினால் போவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மதுரை பஸ்ஸில் ஏறி எலும்பு டாக்டரிடம். இன்னொன்று, சர்ச்சுக்குப் பின்தெருவில் பச்சைக் கேட் போட்ட ஆனிமேரி டீச்சர் வீடு. டாக்டரிடம் போனால் டோக்கன் வாங்கிக்கொண்டு மத்தியானம் வரை உட்கார வேண்டும். டீச்சர் வீட்டில் ஒரு கை விளக்கெண்ணெயும் நாலு ஆறுதல் வார்த்தையும் உடனே கிடைக்கும். ஊர் எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனிமேரி எலும்பைப் பற்றிப் பட்டம் வாங்கியவள் அல்ல. அவளுக்கு இருந்த தகுதி ஒன்றுதான். ஒரே பிரசவத்தில் ஆல்பின், டயானா என்று இரண்டு பிள்ளை பெற்றிருந்தாள். இரட்டைப்பிள்ளை பெற்றவள் சுளுக்கை வழித்துவிட்டால் இறங்கிவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. இரண்டு பிள்ளையைச் சுமந்த வயிற்றுக்கும் அடுத்தவன் கணுக்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய ஒரே ஆள் ஆனிமேரிதான். ஏனென்றால் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் அறிவியல் டீச்சர்.

பிள்ளைகள் பிறந்த புதிதில் அவள் கேட்கத்தான் செய்தாள். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்று வந்தவர்களைத் திருப்பியும் அனுப்பினாள். ஊர் விடவில்லை. "சும்மா தொட்டு விடுங்க டீச்சர்" என்றது. ஒருநாள் தொட்டுவிட்டாள். அந்த ஆளுக்குத் தானாகவே சரியாகப் போகிற வலி, அடுத்த வாரம் தானாகவே சரியாயிற்று. வாழைத்தாருடன் வந்து நின்றான். அன்றைக்குப் பிடித்தது.

கைராசி என்கிற சொல்லுக்கு ஒரு ருசி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தினாலும் கடைசி பெஞ்சு கொட்டாவிதான் விடும். இங்கேயோ ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வரும்போது வாசலில் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். பொங்கல் முடிந்த வாரத்தில் கூட்டம் இன்னும் கூடும். அலங்காநல்லூரில் மாடு பிடித்தவர்கள் வரமாட்டார்கள், வேடிக்கை பார்க்கத் தடுப்புக் கட்டையில் ஏறி விழுந்தவர்கள்தான் வருவார்கள். அவர்களிடம் ஆனிமேரி அதட்டலாகப் பேசுவாள். அவர்களும் சிரித்துக்கொண்டே காலை நீட்டுவார்கள். அவள் கணவன் ஞானமுத்து மட்டும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "இவளுக்கு வாரம் ஏழு நாளும் வகுப்புதான்" என்பான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பு எடுப்பதும் அவளேதான். புதன்கிழமை கடைசிப் பீரியட். கால் பிசகினால் முதலில் ஆட்டத்தை நிறுத்தி உட்கார வை. ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி வை, வெறும் தோலில் வைக்காதே. விரல் பக்கத்திலிருந்து மேலே பார்த்துக் கட்டுப் போடு, விரல் நீலம் பாரித்தால் கட்டைத் தளர்த்து. தலையணை கொடுத்துக் காலை உயர்த்தி வை. முதல் இரண்டு நாளைக்கு எண்ணெய், தைலம், வெந்நீர் ஒத்தடம் எதுவும் ஆகாது. தேய்க்கவே கூடாது, தேய்த்தால் உள்ளே கசிகிற ரத்தம் இன்னும் கசியும். காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லையென்றால் அது வெறும் சுளுக்கு என்று இருந்துவிடாதே, எக்ஸ்ரே எடு. இவ்வளவையும் கரும்பலகையில் படம் போட்டு, பிள்ளைகள் வாயால் ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். ஏறி, சமயநல்லூரில் இறங்கி, வீட்டுக்கு வந்து எண்ணெய்க் கிண்ணத்தைச் சூடு பண்ணுவாள். அது வேறு, இது வேறு என்று அவளுக்குள்ளே ஒரு சுவர். அந்தச் சுவர் இத்தனை வருஷம் நன்றாகத்தான் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோலையம்மாள் வந்தாள். பஸ் ஸ்டாப்பில் பூக்கட்டி விற்கிறவள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் சத்யப்ரியாவை ஒரு ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். சத்யப்ரியா ஆனிமேரியின் பள்ளிக்கூடம்தான், அவளுடைய முதலுதவி வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறவள். கபடி ஆடுவாள். பாடிக்கொண்டு போனால் கோட்டைத் தொடாமல் திரும்ப மாட்டாள் என்று பள்ளிக்கூடமே சொல்லும். காலையில் பயிற்சியில் இரண்டு பேர் மேலே விழ, வலது கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது.

"டீச்சர், உங்கள நம்பித்தான் தூக்கிட்டு வந்துருக்கேன். வார வெள்ளிக்கெழம புள்ளைக்கு ஜில்லா செலக்சன். அதுல எடுத்துட்டா ஆஸ்டல்ல சேத்துப் படிக்க வைப்பாங்களாம். உங்க கை பட்டாப் போதும், எந்திரிச்சு ஓடிருவா" என்றாள் சோலையம்மாள்.

ஆனிமேரி குனிந்து பார்த்தாள். கணுக்கால் எலும்பைச் சுற்றி வீங்கி, எலும்பு இருந்த இடமே தெரியவில்லை. "ஊனிப் பாரு" என்றாள். சத்யப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டு ஊன்றினாள், ஊன்றிய வேகத்தில் காலை எடுத்துவிட்டாள். நாலு எட்டு என்ன, ஒரு எட்டுக்கே வழியில்லை. எக்ஸ்ரே என்ற வார்த்தை ஆனிமேரியின் நாக்கு வரை வந்தது.

ஆனால் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சுபலட்சுமி கேட்டில் சாய்ந்துகொண்டு, "டீச்சரக்கா கை வச்சு எறங்காத சுளுக்கு உண்டா? என் இடுப்பு சொல்லுமே!" என்று சாட்சி சொன்னாள். மதுரைக்குப் போ என்று சொன்னால் இத்தனை முகங்களும் என்ன ஆகும் என்று ஆனிமேரி ஒரு கணம் நினைத்தாள். ஒரு கணம்தான். பிறகு, "எண்ணெய எடுத்துட்டு வாங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

பெஞ்சில் படுத்திருந்த சத்யப்ரியா தலையைத் தூக்கினாள். "மிஸ், ஐஸ்தான வைக்கணும்? எண்ணெ தடவக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது பரீட்சைக்குடி. இது காலுக்கு" என்றாள் ஆனிமேரி.

வாசல் முழுக்கச் சிரித்தது. ஞானமுத்துகூடச் செய்தித்தாளை இறக்கிவிட்டுச் சிரித்தான். வலியோடு வலியாகச் சத்யப்ரியாவும் சிரித்தாள், மிஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போல. டக்கென்று இப்படியொரு பதில் வந்ததே என்று ஆனிமேரிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. பின்னாளில் அவளைத் தின்றது அந்தப் பெருமைதான்.

வெதுவெதுப்பான எண்ணெய் விட்டு மேலிருந்து கீழாக வழித்தாள். பிள்ளை துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் போய் அடுத்த நாள் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்தபோது வீக்கம் விரல் வரை இறங்கியிருந்தது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் நாள் சொல்லாததை இரண்டாம் தடவை சொன்னால், முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வருமே. குதிகாலை ஒரு கையிலும் பாதத்தை ஒரு கையிலும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். உள்ளே ஏதோ 'டொக்' என்றது. சத்யப்ரியா வீறிட்டாள்.

"எறங்கிருச்சு!" என்று கை தட்டினாள் சுபலட்சுமி. சோலையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். சுளுக்கு இறங்கும்போது சத்தம் கேட்காது என்று ஆனிமேரிக்குத் தெரியும். அவள் எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். எண்ணெய் போன பிறகும் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை சத்யப்ரியா காலில் துணியைச் சுற்றிக்கொண்டு தேர்வுக்குப் போனாள். முதல் பாட்டுக்கு எதிர்க்கோட்டுக்குள் கால் வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து நேரே பெரியாஸ்பத்திரி. எலும்பில் முதல் நாளே கீறல் விழுந்திருக்கிறது, அப்போதே கட்டுப் போட்டு வைத்திருந்தால் சும்மாவே கூடியிருக்கும், இப்போது விலகிவிட்டது, ஆபரேஷன் செய்து தகடு வைக்க வேண்டும் என்றார்களாம். ஆட்டம் இந்த வருஷம் இல்லை. அதற்கப்புறமும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனிமேரி ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். வார்டு வாசலில் அவள் கால் தயங்கிற்று. ஆனால் சோலையம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "என் கெரகம் டீச்சர், எவ கண்ணு பட்டுச்சோ. நீங்க கை வச்சதுனாலதான் இம்புட்டோட போச்சு. இல்லன்னா காலையே எடுத்துருப்பாக" என்றாள். ஆனிமேரி வாயைத் திறந்தாள். "ஒடம்பப் பாத்துக்க சோலை" என்பது மட்டும் வந்தது. அன்றிலிருந்து பஸ் ஸ்டாப்பில் இறங்கும்போதெல்லாம் சோலையம்மாள் ஒரு முழம் மல்லிகையை இலையில் சுருட்டிக் கையில் திணிப்பாள், காசு வாங்க மாட்டாள். அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளவும் முடியாமல் எறியவும் முடியாமல் ஆனிமேரி மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். மாதா முகத்தையும் அப்புறம் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவமானம் என்றால் நாலு பேர் முன்னால் படுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். நாலு பேர் மரியாதை செய்யும்போதும் படலாம் என்று இப்போது தெரிந்தது.

சத்யப்ரியா ஊன்றுகோலோடு பள்ளிக்கூடம் வர ஆரம்பித்த சமயம் அது. ஒரு சனிக்கிழமை டயானாவைத் தோழிகள் இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறவள். குதித்து இறங்கும்போது இன்னொருத்தி காலின்மேல் இறங்கிவிட்டாள். கணுக்கால் லேசாக வீங்கியிருந்தது.

ஆனிமேரி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ஊனாத, உக்காரு" என்றாள். பிரிட்ஜிலிருந்து ஐஸ்கட்டியை உடைத்துத் துண்டில் சுற்றிக் காலில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்து எடுத்தாள். விரல் பக்கத்திலிருந்து மேலே பார்த்து கிரேப் பேண்டேஜ் சுற்றினாள், விரலை அமுக்கி ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். ஞானமுத்துவை விரட்டி ஆட்டோ பிடித்து, எலும்பு டாக்டரிடம் டோக்கன் வாங்கி, மத்தியானம் வரை உட்கார்ந்து, எக்ஸ்ரே எடுத்தாள். எலும்பு நன்றாக இருக்கிறது, தசைநார் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது, சில நாள் ஓய்வு கொடுத்துவிட்டு மெதுவாகப் பயிற்சி ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து மகள் காலடியில் இரண்டு தலையணையை அடுக்கி, திரும்பவும் ஐஸ் வைத்தாள். புதன்கிழமைப் பாடத்தில் ஒரு வரி விடவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தின் ஞாபகம்கூட அவளுக்கு வரவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவள் தன் பிள்ளையைத் தாங்கிக்கொண்டிருந்தாள், ஊரான் பிள்ளை தட்டுத் தடுமாறி நடந்துகொண்டிருந்தாள்.

நடந்து ஆனிமேரி வீட்டுக்கே வந்தாள். டயானாவுக்கு அடிபட்டது தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. சாயங்காலம் கேட் சத்தம் கேட்டு ஆனிமேரி திரும்பினால், சோலையம்மாள் கையில் பூப்பொட்டலத்தோடு நிற்கிறாள், பின்னாலேயே ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு சத்யப்ரியா.

"பாப்பாவுக்குக் காலு பெசகிருச்சாமே டீச்சர், கேட்டதுல இருந்து மனசே சரியில்ல" என்று உள்ளே வந்த சோலையம்மாள் கட்டிலைப் பார்த்தாள். தலையணை, கட்டு, ஐஸ் சுற்றிய துண்டு, சுவரில் சாய்த்துவைத்த எக்ஸ்ரே கவர். "என்ன டீச்சர், டாக்டர்ட்ட போயிட்டு வந்துருக்கீக? நீங்களே வழிச்சு விட்டுருக்கலாம்ல? கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைவாகளா?"

அவள் குத்திப் பேசவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதனால்தான் ஆனிமேரிக்கு வியர்த்துவிட்டது.

"பெத்தவ தன் புள்ளைக்கு வழிக்கக் கூடாது சோலை. பலிக்காது" என்றாள்.

இப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவள் வாயில் பிறந்தது. கட்டிலில் இருந்த டயானா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சோலையம்மாள் மட்டும் நம்பினாள்.

"அப்படி ஒண்ணு இருக்கா! பாவம், ஊருக்கெல்லாம் வழிச்சுவிட்டு, ஒங்க புள்ளைக்கு முடியலையே. வாடிப்பட்டியில எங்க மதினி ஒருத்தி இருக்கா டீச்சர், அவளும் ரெட்டைப்புள்ளக்காரிதான். போன் போடட்டா? நாளைக்கே பஸ் ஏறி வந்துருவா" என்று இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"வேணாம் சோலை, வேணாம்" என்று ஆனிமேரி பதறினாள்.

சத்யப்ரியா இதையெல்லாம் கவனித்த மாதிரியே தெரியவில்லை. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டு எந்தப் பக்கத்திலிருந்து சுற்றியிருக்கிறது என்று பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள். வகுப்பில் பதில் சரிபார்க்கிற பிள்ளையைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே கேட்டாள்.

"மிஸ், அக்காவுக்குப் பரீட்சையா?"

சோலையம்மாளுக்குப் புரியவில்லை, மகளையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஞானமுத்து எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். இன்னொரு பொய் சொல்ல ஆனிமேரிக்கு அப்போதும் இடம் இருந்தது. சோலையம்மாள் அதையும் நம்பியிருப்பாள். அப்படி நம்புவாள் என்பதே ஆனிமேரியால் தாங்க முடியாததாகிவிட்டது.

"நான் சொன்னது பொய் சோலை. அப்படி ஒரு வழக்கமெல்லாம் இல்ல. ஒம் மகளுக்கும் இதத்தான் செஞ்சிருக்கணும். ஐஸ் வச்சு, கட்டுப் போட்டு, அன்னைக்கே டாக்டர்ட்ட அனுப்பியிருக்கணும். நான் வழிச்சதுலயும் இழுத்ததுலயும்தான் எலும்பு வெலகிப் போச்சு."

"தெரியாமத்தான செஞ்சீக டீச்சர்..." என்று சோலையம்மாள் இழுத்தாள்.

"தெரியும். அன்னைக்கே தெரியும். கூட்டத்துக்கு முன்னாடி முடியாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

சோலையம்மாள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் ஆனிமேரி ஏற்றுக்கொண்டிருப்பாள். அவள் போனைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆசுபத்திரியில டாக்டர் கேட்டாரு டீச்சர். யாரோ காலப் பிடிச்சு இழுத்துருக்காக, யாரும்மா அது, பேரச் சொல்லுன்னு அதட்டுனாரு. அப்பவும் ஒங்க கைய நான் சந்தேகப்படல. படியில விழுந்துட்டா சார்னு நான் பொய் சொன்னேன். நாலு புள்ளைக்குப் படிச்சுக் குடுக்குறவக, நல்லது நெனச்சுத்தான் செஞ்சாக, அவுக பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான் சொன்னேன். தெரியாதவகளுக்காகத்தான் நான் பொய் சொன்னேன்."

அவ்வளவுதான். பூப்பொட்டலத்தைக் கட்டிலில் டயானா பக்கத்தில் வைத்துவிட்டு, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். ஊன்றுகோல் சத்தம் தெருமுனை வரை கேட்டது. டயானா காலிலிருந்த ஐஸை உதறித் தள்ளினாள். ஆனிமேரி அதை எடுத்துத் திரும்ப வைக்கப் போனாள், மகள் காலை இழுத்துக்கொண்டாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வந்து நிற்கத்தான் செய்கிறார்கள். "சத்யப்ரியா காலக் கெடுத்தது நான்தான். டாக்டர்ட்ட போங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறாள். முதல் தடவை சொன்னபோது குரல் வரவில்லை, இப்போது வருகிறது. ஊரோ அசைந்துகொடுப்பதாக இல்லை. "அது அந்தப் புள்ள விதி டீச்சர், எனக்குச் சும்மா தொட்டு விடுங்க" என்கிறது. தொடவில்லை என்றால், "டீச்சருக்கு இப்பல்லாம் ஏத்தம் கூடிப்போச்சு" என்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருக்கிறாள். அதைவிடப் பெரிய பேச்சுக்கு லாயக்கானவள்தான் என்று அவளுக்குத் தெரியும்.

சோலையம்மாள் இப்போது பூ கொடுப்பதில்லை. ஆனிமேரி பஸ்ஸிலிருந்து இறங்கினால் குனிந்து கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் சனிக்கிழமை காலையில் மகளைப் பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து ஆனிமேரி பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போகிறாள். காலுக்குப் பயிற்சி கொடுக்கப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும், சோலையம்மாளால் வியாபாரத்தை விட முடியாது. நான் கூட்டிப்போகிறேன் என்று ஆனிமேரி சுபலட்சுமியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்குச் சோலையம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

போன வாரம் பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. சத்யப்ரியா முகத்தைச் சுளித்துக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். ஆனிமேரியின் இரண்டு கைகளும் பழக்கத்தில் அந்தக் காலை நோக்கிப் போயின. பிள்ளை சட்டென்று காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"டாக்டர்ட்ட கேட்டுக்குவோம் மிஸ்" என்றாள்.

"ஆமாம்மா, கேட்டுக்குவோம்" என்று ஆனிமேரி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.